பை முதலில் புறப்பட்டது

இன்று காலையிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. மாடி வீட்டுப் பெண்ணுக்குக் கல்லூரி நுழைவுத் தேர்வு. ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனித் தேர்வாம். பேப்பரும் இல்லை, பேனாவும் இல்லை, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பொத்தானை அழுத்திவிட்டு வந்தால் போதுமாம். தமிழ்க் குடும்பத்துப் பெண்தான், ஆனால் வங்காளிகள் நடுவே, இந்தப் பெஹாலாவிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் நாக்கில் தடுக்கும். என்னை ‘பிஷி’, அதாவது அத்தை, என்றுதான் கூப்பிடுவாள். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கியவளை நிறுத்தி, “அட்மிட் கார்டு எடுத்துக்கிட்டியா?” என்று கேட்டேன்.

“போன்ல இருக்கு, பையில இருக்கு, பாபாகிட்டயும் ஒரு காப்பி இருக்கு. நீ டென்ஷன் பண்ணாதே பிஷி.”

போய்விட்டாள். நான் அடுப்பை அணைத்தேனா என்று மூன்றாவது முறையாகப் போய்ப் பார்த்தேன்.

உங்களுக்கும் என் வயதுதான். குவார்ட்டர்ஸ்களில் வளர்ந்தவர்கள், ஒரு வீட்டில் பரீட்சை என்றால் மாடிப்படி முழுவதும் விழித்திருந்த காலம் தெரிந்தவர்கள். அதனால் உங்களிடம் சொல்லலாம். என் அக்கா ‘ஜாயிண்ட்’ எழுதிய வருஷத்தைப் பற்றித்தான். டாக்டருக்கும் இன்ஜினியருக்கும் சேர்த்து நடக்கும் நுழைவுத் தேர்வை நம் ஊரில் அப்படித்தானே சொல்வோம்.

கார்டன் ரீச்சில் எங்கள் குவார்ட்டர்ஸ் மாடியில் எதிரெதிராக இரண்டு வீடுகள். ஒன்று எங்களுடையது. எதிர்வீட்டில் ஒரு வங்காளி அம்மாள், எங்களுக்கு ‘மாஷிமா’, பெரியம்மா மாதிரி. அவருடைய கணவருக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி தண்ணீரிலேயே போய்விடும். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. ஆக, மாஷிமாவுக்குப் பேச்சுத்துணை நாங்கள்தான். கப்பல் பட்டறைச் சங்கு, கரி அடுப்புப் புகை, மாஷிமா வீட்டுக் கடுகெண்ணெய் வாசனை, இந்த மூன்றும்தான் எங்கள் விடியற்காலை.

அப்பாவுக்கு ரயில்வே ஆபீசில் டைம்டேபிள் செக்‌ஷனில் வேலை. எந்த வண்டி எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று எழுதுகிற இடம். அக்கா பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கியதும் அப்பா அவளையும் ஒரு வண்டியாக்கிவிட்டார். ஃபிசிக்ஸ் மெயில் வண்டி. கெமிஸ்ட்ரி பாசஞ்சர், கண்ட இடத்தில் நிற்கும். பயாலஜி கூட்ஸ், நீளம் அதிகம். சாப்பாட்டு மேஜைக்கு மேலே சிவப்பு மையிலும் கறுப்பு மையிலும் கோடு போட்ட ஒரு சார்ட் தொங்கியது. யாரோ ஒரு ரயில் கார்டிடம் கேட்டு ஒரு விசிலும் வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை மாதிரித் தேர்வு நடக்கும். விசில் ஊதுவது என் வேலை. தொடங்க ஒன்று, ஒவ்வொரு பகுதி முடியவும் ஒன்று.

எனக்கு அப்போது பதினோரு வயது. அந்த விசிலின் பித்தளை ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பேன். முள் நெருங்க நெருங்க விசிலைப் பல்லால் கடிப்பேன். அக்கா இன்னும் அதே கணக்கில் இருப்பாள். ஊதினால் அவள் முகம் விழும். ஊதாவிட்டால் அப்பா, “வண்டி ஏன் இன்னும் கெளம்பல?” என்பார்.

விசில் சத்தம் கேட்டதும் எதிர்வீட்டுக் கதவு திறக்கும். “கோன் காடி சாட்லோ கோ?” என்று மாஷிமா கேட்பார். எந்த வண்டி புறப்பட்டது என்று.

“மெட்ராஸ் மெயில், மாஷிமா!” என்பாள் அக்கா, தலையை நிமிர்த்தாமல்.

“அப்படின்னா எனக்கும் ஒரு டிக்கெட் போடச் சொல்லு உங்கப்பாவை.”

அப்பா சிரிக்க மாட்டார். அவருடைய கவலை ஒன்றே ஒன்றுதான். அக்காவுக்கு எல்லாம் தெரியும், ஆனால் மெதுவாகச் செய்வாள். ஒரு கணக்கு வரவில்லையென்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக அவளால் முடியாது. பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருப்பாள்.

“சிக்னல் விழலன்னா அங்கேயே நிக்காதே. விட்டுட்டுப் போ. அடுத்ததைப் பாரு.”

“முடிச்சுட்டுப் போறேம்ப்பா. முக்கால்வாசி வந்துடுச்சு.”

“முக்கால்வாசிக்கு எவனும் மார்க் தரமாட்டான். ஒரு தடவைதான், ஞாபகம் வச்சுக்க. சீட் கெடச்சா டாக்டர். இல்லேன்னா டைப்ரைட்டிங் கிளாஸ். ரெண்டாவது வருஷம்னு என்கிட்ட வந்து நிக்கக் கூடாது.”

இதை அவர் கோபமாகச் சொன்னதில்லை. வண்டி ரத்தானால் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுவார்களே, அந்தக் குரலில் சொல்வார். அதுதான் எனக்கு அதிகப் பயம்.

புத்தகங்களைச் சொல்ல வேண்டும். இப்போது அவற்றை யாரும் வைத்திருக்கமாட்டார்கள். எல்லாப் பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள்களையும் சேர்த்துத் தைத்த ‘டெஸ்ட் பேப்பர்ஸ்’ புத்தகம், தலையணை கனம். பழுப்புத் தாள், விரலில் மை ஒட்டும். நடைபாதைக் கடையில் ‘சஜெஷன்’ என்ற பெயரில் மெல்லிய புத்தகங்கள் கிடைக்கும். இந்த வருஷம் இதுதான் வரும் என்று யாரோ ஒரு மகானுபாவர் ஊகித்து எழுதியிருப்பார். அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் ஒன்று வாங்கி அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தாள். அக்கா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இவருக்கு ஜோசியம்தாம்மா தெரியும், கெமிஸ்ட்ரி தெரியல” என்றாள். அம்மாவுக்கு வருத்தம்.

பயாலஜியில் மீன் வந்தது. நாங்கள் சைவம். புத்தகத்தில் இருந்த செவுள் படத்தை எத்தனை முறை வரைந்தும் அக்காவுக்குத் திருப்தியில்லை. ஒருநாள் மாஷிமா வீட்டுச் சமையலறையில், அவர் அரிவாள்மணையில் பெரிய ருயி மீன் ஒன்றை நறுக்கிக்கொண்டிருக்க, அக்கா பக்கத்தில் குந்தியிருந்தாள். மாஷிமா தலையைப் பிளந்து காட்டினார். ஈரமான சிவப்புச் சீப்பு மாதிரி செவுள். அக்கா அதை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். நான் வாசற்படியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“இதயம் இவ்வளவுதானா மாஷிமா?”

“இவ்வளவுதான் மாமோனி. இவ்வளவு பெரிய மீனுக்கு இது போதும்னு பகவான் கணக்குப் போட்டிருக்கான்.”

அம்மாவுக்கு வாசனை வந்துவிட்டது. அக்காவைக் குழாயடியில் நிறுத்தித் தலையோடு தண்ணீர் ஊற்றினாள். “படிக்கறேன் படிக்கறேன்னு கடைசியில மீனையும் கையில எடுத்துட்டா! இவளை நம்மூர்ப் பக்கம் எவன் கட்டிப்பான்?” அப்பா மட்டும் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, “செவுள் கேள்வி வருமா?” என்று கேட்டார்.

இனி அந்தத் திங்கட்கிழமை.

தேர்வு இரண்டு நாள். முதல் நாள் ஃபிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும். சென்டர் அலிப்பூரில். அப்பா பஞ்சாங்கத்தைப் பிரித்தார். திங்கட்கிழமை கிழக்கே சூலம். எங்கள் வீட்டிலிருந்து அலிப்பூர் நேர்கிழக்கு. போதாததற்குக் காலை ஏழரைக்கு ராகு காலம் தொடங்கி ஒன்பதுக்குத்தான் முடிகிறது. எட்டு மணிக்குப் புறப்பட்டாக வேண்டும்.

“ஏழு மணிக்கே கெளம்பிட்டா என்னங்க?” என்றாள் அம்மா.

“சீக்கிரம் போய் வெயில்ல காத்துக் கெடந்தா மூளை காஞ்சுடும். முன்னாடி வர்ற வண்டியும் தப்பான வண்டிதான்.”

சூலத்துக்குத் தயிர் பரிகாரம். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு நெற்றியில் தயிர்ப் பொட்டு வைப்பது மாஷிமா வீட்டு வழக்கம். தயிரில் இரண்டு ஊரும் ஒத்துப்போயின. ராகு காலத்துக்குத்தான் வழியில்லை. அப்பா யோசித்து, “பரஸ்தானம் வச்சுடலாம்” என்றார்.

நம் வீடுகளில் இது உண்டல்லவா? புறப்படும் வேளை சரியில்லையென்றால், அதற்கு முன்னால் வரும் நல்ல வேளையில் பயணப் பையை இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பை கிளம்பினால் ஆள் கிளம்பிய மாதிரி. அப்புறம் எந்த நேரத்தில் போனாலும் தோஷமில்லை. சாதாரணமாக ஒரு துண்டோ வேட்டியோ வைப்பார்கள். அம்மா அக்காவின் தாவணியை மடித்து எடுத்தாள். அப்பா வேண்டாமென்றார்.

“துணியா பரீட்சை எழுதப் போவுது? எது முக்கியமோ அதுதான் முன்னாடி கெளம்பணும்.”

அப்படியாக, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்ல நேரம் பார்த்து, பேனா, லாக் அட்டவணைப் புத்தகம், பரீட்சை அட்டை, அதில்லாமல் உள்ளே விடமாட்டார்களே அந்த அட்மிட் கார்டு எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு, பைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, எங்கள் வாசலைத் தாண்டி எதிர்வாசலுக்குள் கொண்டுபோனோம். நான்கு அடி தூரப் பயணம். மாஷிமாவுக்கு விளக்கிச் சொன்னதும் கண்கள் விரிந்தன. “என் வீட்டிலிருந்தா புறப்படுகிறாள்? என் பாக்கியம்!” என்று பையை வாங்கிச் சாமி அலமாரியில், காளி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

மறுநாள் காலை குளித்து முடித்து, பையை வாங்கி வர என்னை அனுப்பினார்கள்.

எதிர்வீட்டில் பூட்டுத் தொங்கியது.

நான் திரும்பி வந்து சொன்னபோது யாருக்கும் புரியவில்லை. “கதவு சாத்தியிருக்குமடி, தட்டு” என்றாள் அம்மா. பிறகு எல்லோரும் வந்து பார்த்தோம். கீழ்வீட்டு அம்மாள் மாடிப்படியில் தலையை நீட்டி விஷயத்தைச் சொன்னார். விடியும்போதே மாஷிமாவின் மகள் வீட்டிலிருந்து ஆள் வந்தது. மகளுக்கு வலி எடுத்துவிட்டது. மாஷிமா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ரிக்‌ஷாவில் ஏறிப் போனார்.

அம்மா பூட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: “நான் தாவணிதானே எடுத்தேன்.”

அப்பா பூட்டை இழுத்துப் பார்த்தார். இன்னொரு முறை இழுத்தார்.

“ஒடைச்சுடலாங்க.”

“அடுத்தவங்க வீட்டுப் பூட்டை ஒடைக்கறதா? சீல் வச்ச வேகனை ஒடைச்சா என்ன ஆகும்னு தெரியுமா ஒனக்கு? நான் போய் அவங்களைப் பிடிச்சுச் சாவி வாங்கிட்டு வர்றேன். நான் வர்ற வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது.”

“எங்கேன்னு போய்ப் பிடிப்பீங்க?”

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். மாஷிமாவின் மகள் வீடு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எங்களில் யாருக்குமே தெரியாது.

அம்மா உள்ளே போய் விளக்கின் முன் உட்கார்ந்துவிட்டாள். அக்கா எதிர்வீட்டுக் கதவின் முன்னால் நின்றாள். கையில் பேனா இல்லை. ஆனால் ஒரு விரலைக் கன்னத்தில் வைத்திருந்தாள். “அக்கா, நேரமாவுது, ஏதாச்சும் பண்ணேன்” என்று அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தேன்.

“இரு. பூட்டை விடு. நாதாங்கியைப் பாரு.”

பூட்டு மாட்டியிருந்த நாதாங்கித் தகடு, நிலையில் நான்கு திருகாணிகளால் பொருத்தப்பட்டிருந்தது. நான்கும் வெளிப்பக்கம். காண்டிராக்டர் மாட்டியது அப்படி. இத்தனை வருஷம் அந்தக் கதவைப் பார்த்தும் எங்களில் யாரும் அதைக் கவனித்ததில்லை.

“அம்மா தையல் மிஷின் டிராயர்ல சின்ன ஸ்குரூடிரைவர் இருக்கும். எடுத்துட்டு வா.”

ஓடினேன். நூல்கண்டு, பாபின், உடைந்த பித்தான்களுக்கு நடுவில் கிடைத்தது. அக்கா மண்டியிட்டாள். திருகாணிகளின் மேல் பச்சைப் பெயிண்ட் அப்பியிருந்தது. சுரண்டினாள். முதலாவது அசையவே இல்லை. பாவாடை நுனியால் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி திருகினாள். ஒவ்வொன்றாக வந்தன. வந்ததையெல்லாம் என் உள்ளங்கையில் வைத்தாள். கடைசியில் பூட்டு பூட்டியபடியே இருக்க, தகடு மட்டும் கழன்று தொங்கியது. கதவு திறந்துகொண்டது.

உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தாள். நான் படியில் இரண்டு தாவு தாவி இறங்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அக்கா மறுபடியும் மண்டியிட்டிருந்தாள்.

“ஸ்குரூவைக் குடு.”

“எதுக்கு? வா போலாம்!”

“வீட்டைத் தொறந்து போட்டுட்டு எப்படிடீ போறது? அவங்க இல்லாதப்போ?”

“அம்மா பாத்துப்பாக்கா!”

“குடுன்னா குடு.”

நான்கையும் திருப்பி மாட்டினாள். ஒவ்வொன்றாக, இறுக்கமாக. எனக்கு அந்தச் சின்ன ‘கிர்ர்’ சத்தம் ஒவ்வொன்றும் பல்லில் விழுந்தது. அம்மா வெளியே வந்து பையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். ஸ்பூனில் தயிரை அக்கா வாயில் ஊட்டிவிட்டு, “அங்கேருந்துதானே பை வருது? அப்போ சரிதான். ஒத்தையா போகாதே, இவளையும் கூட்டிட்டுப் போ” என்றாள்.

பஸ் ஏறினோம். கப்பல் துறைப் பாலத்தருகே வந்ததும் பஸ் நின்றது. முன்னால் லாரிகள், ரிக்‌ஷாக்கள், ஒரு மாட்டுவண்டி. கப்பலுக்கு வழிவிடப் பாலத்தைத் தூக்கியிருந்தார்கள். கப்பல் ஒன்று உள்ளே வந்துகொண்டிருந்தது. கறுப்பாக, துருப்பிடித்து, உலகத்தில் யாருக்கும் எந்தப் பரீட்சையும் இல்லை என்பதுபோல மெல்ல நகர்ந்தது. அதன் மேல்தட்டில் ஒருவன் பனியனைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். நான் அவனை முறைத்துக்கொண்டே இருந்தேன். அக்கா லாக் புத்தகத்தைப் பிரித்து மடியில் வைத்திருந்தாள், பக்கம் திரும்பவில்லை.

போய்ச் சேர்ந்தபோது மணி அடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. கேட்டில் இருந்தவர் அட்மிட் கார்டைப் பார்த்தார், அக்காவின் கையிலிருந்த பச்சைப் பெயிண்டையும் பார்த்தார், உள்ளே விட்டுவிட்டார். நான் வெளியே கிருஷ்ணசூடா மரத்தடியில், யார் யாரோ பெற்றவர்கள் நடுவில், சாயங்காலம் வரை. அன்று தின்ன நகத்துக்குக் கணக்கில்லை.

வீட்டுக்கு வந்தோம். அப்பா கிதிர்ப்பூர் வரை போய் அலைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தார். நடந்ததைக் கேட்டார். கேட்டு முடித்து ஒன்றே ஒன்று சொன்னார்: “திருப்பி மாட்டாம போயிருந்தா பாலம் தூக்கறதுக்கு முன்னாடி தாண்டியிருப்பே.”

அக்கா, “தாண்டியிருப்பேன். கதவு தொறந்து கெடக்கேன்னு ஒரு கணக்கும் ஓடியிருக்காதுப்பா” என்றாள். பிறகு, “ஃபிசிக்ஸ்ல நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன். வராததை விட்டுட்டு விட்டுட்டுப் போனேன். அப்படியும் முடியல” என்றாள். அப்போதுதான் அவள் அழுதாள்.

சில நாட்கள் கழித்து மாஷிமா திரும்பி வந்தார். பேரன் பிறந்த சந்தோஷத்தோடு சாவி போட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனார். அடுத்த நிமிஷம் “ஷர்போனாஷ்! எல்லாம் போச்சு!” என்று அலறிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் ஓடி வந்தார்.

“பையைக் காணோம்! பூட்டு பூட்டினபடி இருக்கு, உள்ளே பை இல்லே! மா காளி எடுத்துக்கிட்டா! என்னால உன் பரீட்சை போச்சே மாமோனி! வழியெல்லாம் பேரன் முகம்தான் தெரிஞ்சுது, பை ஞாபகமே வரல்லே!”

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அக்கா எழுந்து அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டு, சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்கவில்லை. அவரைக் கதவுக்குக் கூட்டிப்போய் நாதாங்கியைக் காட்டினாள். பெயிண்ட் சுரண்டிய நான்கு திருகாணிகளும் பளபளத்தன. மாஷிமா வாயைப் பொத்திக்கொண்டார். “பரீட்சை நாள்ல என் வீட்டைப் பூட்டிட்டா போனே?” என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அப்பாவும் வந்து குனிந்து பார்த்தார். திருகாணித் தலைகளின் மேல் விரலை ஓட்டினார். “நாலும் நேரா இருக்கு” என்றார்.

ரிசல்ட் வந்தது. அக்காவின் எண் பட்டியலில் இல்லை. டைப்ரைட்டிங் கிளாஸ் எங்கே இருக்கிறது என்று அக்கா அம்மாவிடம் விசாரித்துக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். அந்த வாரம் அப்பா ஆபீசிலிருந்து வரும்போது அக்குளில் ஒரு காகிதக் கட்டு. சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனார். புது ‘டெஸ்ட் பேப்பர்ஸ்’. சுவரிலிருந்த சார்ட்டை அவரே கழற்றினார். விசில் கார்டிடமே திரும்பிப் போய்விட்டது. அடுத்த வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சத்தமே இல்லை. அக்கா எந்தக் கணக்கில் எவ்வளவு நேரம் நின்றாலும் யாரும் கேட்கவில்லை. அந்த முறை சீட் கிடைத்தது.

ஊருக்கு எழுதிய கடிதங்களில் மட்டும் அப்பா, முதல் வருஷம் பாலம் தூக்கிவிட்டான் என்றே எழுதினார். அட்மிட் கார்டை முன்னால் புறப்படச் சொன்னது யார் என்று கடைசி வரை அவர் வாயிலிருந்து வரவில்லை. அம்மாவும் தாவணிப் பேச்சை எடுக்கவில்லை.

எனக்கு அந்த விசில் போகவே இல்லை. பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் வாயில் பித்தளை ருசி வரும். கேள்வித்தாளைப் பார்த்தால் எழுத்து ஓடும். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். “இவளுக்குப் படிப்பு ஏறல” என்று அப்பா சொன்னார், அதே ரத்தான வண்டிக் குரலில். ஏறியது படிப்பா பயமா என்று அந்த வீட்டில் யாருக்கும் பார்க்கத் தோன்றவில்லை. இப்போது யோசித்தால் அவரை நொந்துகொள்ளவும் முடியவில்லை. எல்லோருடைய கண்ணும் ஒரே கதவின் மேல் இருந்த வருஷங்கள் அவை.

ஆனால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. எங்கள் மாடிப்படியில் எந்தப் பிள்ளைக்குப் பரீட்சை என்றாலும் அன்று நான் வெளியே போகமாட்டேன். கதவையும் பூட்டமாட்டேன். மாடி வீட்டுப் பெண் போன வருஷமே கேட்டாள்: “பிஷி, உன் வீட்டுல நான் எதுவுமே வைக்கலையே?” வைக்கவில்லைதான். அதற்கு நான் என்ன செய்வது?

சற்று முன்பு அக்கா போன் செய்தாள். ரிட்டயராகியும் காலையில் நோயாளி பார்க்கிற அவசரக் குரல் போகவில்லை.

“கொழந்தை போயிட்டாளா?”

“போயிட்டா. இன்னும் வரல. திங்கட்கிழமை வேற.”

“கதவைத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கியா?”

“காத்துக்காகத்தான்.”

“பூட்டிட்டுக் கொஞ்சம் படுடி. அவசரம்னா கழட்டறதுக்கு நான் இல்லையா?”

சரி என்றேன். போனை வைத்தேன். எழுந்து போய்க் கதவு திறந்துதான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.